வயிற்றுக்குக் கீழே ஒரு தகடு



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள். தோட்டப் பக்கம் வாகனம் ஓட்டுபவர்கள், பிள்ளைகளை வாகனத்தில் ஏற்றி அனுப்புபவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

வாத்திமாருக்கும் வெல்டிங் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு வருடத்துக்கு முன்னர் கேட்டிருந்தால் எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் ஒரு எஞ்சின் செலவாகிவிட்டது.

நாங்கள் ஐந்து ஆசிரியர்கள். பதுளையில் இருந்து பசறை, லுணுகலைப் பக்கமாகப் போய், மெயின் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து தோட்டத்துப் பாடசாலைக்கு ஏறுகிறவர்கள். மெயின் ரோட்டைக் குறை சொல்ல முடியாது. பேராதனையில் இருந்து பதுளை ஊடாகச் செங்கலடி வரை போகிற ஏ5 வீதி அது, கார்பட் போட்டது. அதை விட்டுத் தேயிலைக்குள் திரும்பிய இடத்தில் இருந்துதான் வேறு உலகம். வெள்ளைக்காரன் காலத்தில் கல் அடுக்கிப் போட்ட ரோடு. மழை வருடா வருடம் மண்ணைக் கழுவிக்கொண்டு போய்விட்டது, கல் மட்டும் பல்லுப் பல்லாக நிற்கிறது. மதகு உடைந்த இடத்தில் குறுக்கே ஒரு வாய்க்கால். அதில் முன் சக்கரம் இறங்கினால் வண்டியின் வயிறு கல்லில் உரசும்.

அந்த ரோட்டில் ஓடுவது ஒரேயொரு பழைய டீசல் கெப். காலையில் எங்களையும் மேல் டிவிஷன் பிள்ளைகளையும் ஏற்றும். பகலில் கடைச் சாமான், கேஸ் சிலிண்டர், சில நாள் மரக்கறி மூட்டை. இரவில் யாருக்காவது வருத்தம் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதுதான். அம்புலன்ஸ் மெயின் ரோடு வரைக்கும் வரும். அதுவரை கொண்டு வருவது கெப்.

ஒரு டிசம்பர் மாதக் காலை. முதல் நாள் இரவு நல்ல மழை. வழக்கமான ஏற்றத்தில் அடியில் "டங்" என்று ஒரு சத்தம். அந்த ரோட்டில் சத்தம் புதிது இல்லையே, யாரும் கணக்கெடுக்கவில்லை. கொஞ்சத் தூரம் போன பிறகு டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. டிரைவர் அண்ணன் அதைக் கவனிப்பதற்குள் எஞ்சின் ஒரு மாதிரி இரைந்து, இறுகி, நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தோம். நாங்கள் வந்த வழி முழுக்க, மழைத் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒயில் கோடு. ஒயில் சம்ப்பை ஒரு கல் கிழித்திருந்தது.

சம்ப் என்பது எஞ்சினுக்கு அடியில் தொங்குகிற ஒயில் தொட்டி. பல வாகனங்களில் அது மெல்லிய தகடு, சிலவற்றில் அலுமினிய வார்ப்பு. எஞ்சினுடைய உயிர் முழுக்க அந்தத் தொட்டியில் இருக்கிற சில லீட்டர் ஒயிலில்தான். வாகனத்திலேயே ஆகத் தாழ்வான இடங்களில் ஒன்றில், ஆக மெல்லிய தகட்டுக்குள் ஆகப் பெறுமதியான பொருளை வைத்திருக்கிறார்கள். நகரத்து ரோட்டுக்கு அது போதும். எங்கள் ரோட்டுக்குப் போதாது.

எஞ்சின் வேலை முடிய ஆறு வாரம் ஆனது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பழைய வாகனத்தின் பெறுமதி என்ன, ஒரு பாகத்தைத் தேடி எடுப்பது என்ன பாடு என்று எல்லாருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள் என்றாலும் அந்த விலை தோட்டத்துச் சனத்துக்கு எட்டுகிற விலையா? ஓடுகிற கெப்பைக் காப்பாற்றுவது தவிர வேறு வழி இல்லை. அந்த ஆறு வாரமும் நாங்கள் நடந்தோம். நடக்க முடியாத சின்னப் பிள்ளைகள் வரவில்லை. இரவில் யாருக்கும் வருத்தம் வந்துவிடக் கூடாது என்பதுதான் மேல் டிவிஷன் சனத்தின் துஆவும் பிரார்த்தனையுமாக இருந்தது.

அதன் பிறகுதான் "சம்ப் கார்ட்" என்ற வார்த்தை எங்கள் வாயில் வந்தது. வண்டியின் அடிவயிற்றுக்குக் கவசம் மாதிரி ஒரு இரும்புத் தகடு. வாகனச் சொந்தக்காரர் கொஞ்சம், பெற்றோர் கொஞ்சம், நாங்கள் கொஞ்சம் என்று காசு சேர்த்தோம்.

இங்கேதான் நாங்கள் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைச் செய்யாமல் இருப்பதற்காகவே இந்தப் பதிவு.

முதல் தகட்டை அவசரத்தில் போட்டோம். பழைய இரும்புக் கடையில் 6 மில்லிமீற்றர் தகடு ஒன்று கிடைத்தது. "தடிப்பா இருந்தாத்தான் தாங்கும் சேர்" என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். இரண்டு அடிக்கு மூன்று அடி வெட்டி, தட்டையாகவே செசியில் வைத்து வெல்ட் அடித்தாயிற்று. ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்தது. எல்லாரும் குனிந்து பார்த்துச் சந்தோஷப்பட்டோம். போட்டோகூட எடுத்தோம்.

முதல் பிரச்சினை ஒயில் மாற்றுகிற நாளில் வந்தது. ஒயில் வடிக்கிற போல்ட் தகட்டுக்கு மேலே இருக்கிறது, தகட்டில் ஓட்டை இல்லை. கழற்றலாம் என்றால் வெல்ட் அடித்திருக்கிறது. கடைசியில் ஒயில் தொட்டிக்குக் கீழேயே நெருப்பு வைத்துத் தகட்டை வெட்ட வேண்டியதாயிற்று. அன்று அந்த இடத்தில் நின்ற எல்லாரும் மனதுக்குள் கலிமா சொல்லியிருப்போம்.

இரண்டாவது பாரம். இரும்பின் கணக்கு லேசானது: ஒரு சதுர மீற்றர் தகடு, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு, ஏறக்குறைய 7.85 கிலோ. நாங்கள் போட்டது 26 கிலோ. அதற்கும் சம்ப்புக்கும் இடையில் சேறு நிறைந்து காய்ந்து நிற்கும்போது இன்னும் கூடும். இவ்வளவும் முன் ஸ்பிரிங்கின் தலையில். வண்டியின் மூக்கு தாழ்ந்தது. தாழ்ந்ததால் முன்னரை விட அதிகமாகக் கல்லில் அடிபட்டது. கவசம் போட்டே அடியைக் கூட்டிக்கொண்டோம்.

மூன்றாவதுதான் பயங்கரம். ஊவாவில் ஜூலை, ஓகஸ்ட் மாதத்துக் காய்ந்த காற்று எல்லாருக்கும் தெரியும். தேயிலைக்கு வாசமும் விலையும் கொடுக்கிற அதே காற்றுதான் மானாப்புல்லைச் சருகாக்குகிறது. ரோட்டின் நடுவிலும் ஓரத்திலும் வளர்ந்த அந்தப் புல், போகிற வருகிற வாகனத்தின் அடியில் மாட்டிக்கொள்ளும். திறந்த வயிறாக இருந்தால் ஆடி ஆடி விழுந்துவிடும். நாங்கள்தான் கீழே ஒரு தட்டம் வைத்துக் கொடுத்திருக்கிறோமே, புல் அதில் சேர்ந்துகொண்டே வந்தது. மேலே சைலன்சர் குழாய். ஏற்றத்தில் இழுக்கும்போது அந்தக் குழாய் நூற்றுக்கணக்கான பாகைக்குச் சூடாகும்.

ஒரு நாள் பாடசாலை விட்டு இறங்கும்போது புல் எரிகிற வாசம். தோட்டத்தில் எங்கேயோ காட்டுக்குத் தீ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். பிறகுதான் எங்கள் காலடியில் இருந்து புகை. பின்னால் பதினொரு பிள்ளைகள். பிள்ளைகளை இறக்கி, அவர்களுடைய தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி ஊற்றி அணைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு சின்னப் பிள்ளை "சேர், என்ட போத்தல்" என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அன்றிரவு ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை. அந்தத் தகட்டைப் போடச் சொன்னதும் நாங்கள், காசு சேர்த்ததும் நாங்கள்.

அடுத்த நாளே தகட்டை வெட்டி எறிந்தோம்.

இரண்டாவது தகட்டைச் செய்தது எங்கள் பழைய மாணவன் ஒருவன். பதுளைப் பக்கம் ஒரு கராஜில் வெல்டிங் வேலை செய்கிறான். சாதாரண தரத்தில் இரண்டு தடவையும் கணக்கில் தவறியவன். "இவனுக்குக் கணக்கு ஏறாது" என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதாத குறையாக எங்களில் சிலரே சொல்லியிருக்கிறோம். அவன் பழைய தகட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டான்: "இத யாரு சேர் செஞ்சது? வளைக்காம எப்பிடி நிக்கும்?"

அன்று நாங்கள் அவனிடம் படித்ததை அப்படியே எழுதுகிறோம்.

தகட்டின் பலம் தடிப்பில் மட்டும் இல்லை, வளைவிலும் இருக்கிறது. தடிப்பை இரண்டு மடங்கு ஆக்கினால் விறைப்பு எட்டு மடங்கு ஆகும் என்பது சரிதான், ஆனால் பாரமும் இரண்டு மடங்கு ஆகிறது. அதே விறைப்பை வேறு வழியிலும் எடுக்கலாம். 3 மில்லிமீற்றர் தகட்டின் இரண்டு பக்க ஓரத்தையும் ஒரு அங்குலம் மேலே மடித்து, நடுவில் நீளவாக்கில் இரண்டு மடிப்புக் கொடுத்தால் போதும். ஒரு கடதாசியைத் தட்டையாக நீட்டினால் தொங்கும், மடித்து நீட்டினால் நிற்கும். இதை நாங்கள் வகுப்பில் விஞ்ஞானப் பாடத்தில் செய்து காட்டியவர்கள்தான். ஆனால் இரும்புக் கடையில் நின்றபோது எங்களுக்கு ஞாபகம் வரவில்லை, அவனுக்கு வந்தது. புதிய தகட்டின் பாரம் பழையதில் ஏறக்குறையப் பாதி.

அவன் முதலில் வெட்டியது இரும்பை இல்லை, அட்டைப் பெட்டியை. வண்டிக்கு அடியில் படுத்து, அட்டையைப் பிடித்து, வெட்டி, மறுபடி பிடித்து, போல்ட் வருகிற இடம், ஒயில் வடிக்கிற இடம், ஸ்டியரிங் கம்பி ஆடுகிற இடம் எல்லாம் அதில் குறித்தான். எஞ்சின் இறப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் அது ஆடும். ஆகவே சம்ப்புக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு அங்குலமாவது வெளி வேண்டும். இல்லாவிட்டால் கல் அடிக்கிற அடி தகடு வழியாக நேரே சம்ப்புக்குப் போகும். அப்படியென்றால் தகடு போட்டு என்ன பயன்?

செசியில் வெல்ட் அடிக்கவே மாட்டேன் என்றான். சூடு பட்ட இடத்தில் செசி பலவீனப்படும், வெடிப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். செசியில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளைத் தேடி, எங்கிள் அயனில் தாங்கி செய்து, போல்ட் போட்டான். போல்ட்டின் தலை தகட்டுக்குள் அமிழ்ந்து இருக்கும்படி குழி வைத்தான். வெளியே துருத்திக்கொண்டு நின்றால் முதலாவது கல்லே அதைச் சீவிவிடும். பிறகு ஸ்பேனர் பிடிக்க இடம் இருக்காது.

தகடு இரண்டு துண்டு. ஒன்று ரேடியேட்டருக்குக் கீழே இருந்து சம்ப் வரை, மற்றது கியர்பொக்ஸுக்கு. முன் தகட்டின் பின் ஓரம், பின் தகட்டின் முன் ஓரத்துக்குக் கீழே வரவேண்டும். மாற்றிப் போட்டால் முன்னுக்குப் போகும்போது கல் இடுக்கில் மாட்டி இழுக்கும். "லயத்துக் கூரைத் தகரம் மாதிரி சேர், தண்ணி வர்ற பக்கம் பாத்துத்தான ஏத்துவோம்" என்றான். லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு உதாரணத்துக்காக வேறு எங்கும் போகத் தேவை இல்லை.

முன் ஓரத்தைச் சறுக்குப் பலகை மாதிரி மேலே வளைத்தான். ஒயில் வடிக்க ஒரு ஓட்டை, சேறும் தண்ணீரும் இறங்கப் பல ஓட்டை, சூடு போக நீளமான வெட்டுகள். சைலன்சருக்குக் கீழே தகடே இல்லை, அந்த இடத்தைத் திறந்தே விட்டான். மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும், காய்ந்த காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவை அடியில் கை விட்டுப் புல்லை இழுத்து எடுக்க வேண்டும் என்று டிரைவர் அண்ணனிடம் சத்தியம் வாங்காத குறை. கடைசியில் இரண்டு பக்கமும் அன்டிகரோசிவ் பூசினான். கண்ணுக்குத் தெரியாத மேல் பக்கத்துக்கு இரண்டு கோட். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

வண்டியில் வைத்து ஒரு சின்ன வெல்ட் அடிப்பதாக இருந்தாலும் பெற்றரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்றும் சொன்னான். இல்லாவிட்டால் ஒல்டர்னேட்டர், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் போய்விடும். பழைய பெற்றோல், டீசல் பீப்பாய்த் தகடு மலிவாகக் கிடைக்கிறதே என்று நாங்கள் கேட்டதற்கு அவன் முகம் மாறியது. வெறும் பீப்பாயில்கூட ஆவி இருக்கும், கிரைண்டர் பொறி ஒன்று போதும், வெடிக்கும். அப்படியே வெட்டினாலும் அந்தத் தகடு கல்லைத் தாங்காது. லொறி ஸ்பிரிங் பட்டையும் சரிவராது. அது கடினமான உருக்கு, சாதாரண ரொட்டில் வெல்ட் அடித்தால் ஓரத்தில் வெடித்துப்போகும். கல்வனைஸ் தகட்டை வெல்ட் அடித்தால் வருகிற வெள்ளைப் புகையில் காய்ச்சலே வரும்.

ஒன்றரை நாள் வேலை. கேட்ட கூலி முதல் தகட்டுக்குக் கொடுத்ததை விடக் கொஞ்சம்தான் கூட. அந்தத் தகடு இன்றைக்கும் கிடக்கிறது. உடம்பெல்லாம் கீறல். அந்தக் கீறல் ஒவ்வொன்றும் சம்ப்பில் விழ வேண்டியது.

இந்தக் கதையை வைத்து நாங்கள் மூன்று விடயம் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, இந்த வேலையை மதியுங்கள். வாகனத்துக்கு அடியில் தகடு போடுவது நம்ம ஊர்க் கைச்சமாளிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பின் வயிற்றிலேயே இரும்புத் தகடு இருந்தது. 1948 இல் வந்த லேண்ட் ரோவருக்கு அலுமினிய உடம்பு கொடுத்தார்கள் என்றால், போருக்குப் பிறகு பிரித்தானியாவில் இரும்பு தட்டுப்பாடாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். இருக்கிறதை வைத்துச் செய்ததுதான் பிறகு உலகப் புகழ் பெற்றது. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங் என்ற ஊரில் இருந்து சந்தக்பு உச்சிக்கு 1950களின் லேண்ட் ரோவர்கள் நேற்றுவரை ஓடின. அவற்றை ஓட வைத்தது கம்பெனி இல்லை, அந்த ஊர்க் கராஜ்கள். தமிழ்நாட்டு எல்லையில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லியில் இருந்து ஏறுகிற ஜீப்புகளும் அப்படித்தான். தேயிலை உள்ள மலை எங்கும் கல் ரோடு இருக்கிறது. கல் ரோடு உள்ள இடமெங்கும் தகடு வளைக்கத் தெரிந்த ஒருவன் இருக்கிறான்.

மடூல்சீமைப் பக்கம் சின்ன உலக முடிவு பார்க்க வருகிற வாகனங்களின் அடியிலும் தகடு பார்த்திருக்கிறோம். வெளிநாட்டில் இருந்து இறக்கியது, பளபளப்பு. அவர்கள் மீது எங்களுக்கு மனஸ்தாபம் இல்லை. வரட்டும், பார்க்கட்டும், கடைக்காரருக்கு நாலு காசு கிடைக்கட்டும். அவர்களுக்கு அந்த ரோடு ஒரு சனி, ஞாயிறு. எங்கள் பிள்ளைகளுக்கு அது வருடத்தில் இருநூறு நாள். அந்த வித்தியாசத்தை மட்டும் மறக்க வேண்டாம்.

பாடசாலைகளிலும் இதற்கு மதிப்பு வேண்டும். 2013 இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவைக் கொண்டு வந்தார்கள். நல்ல விடயம். ஆனால் அதற்கு வேண்டிய கூடமும் ஆசிரியரும் எத்தனை தோட்டப் பாடசாலைக்கு எட்டியிருக்கிறது? எங்கள் மாணவன் அதன் வாசலுக்கே வரவில்லை, சாதாரண தரக் கணக்கு அவனை வெளியே நிறுத்திவிட்டது. அவன் அட்டையில் போட்ட கணக்கு எந்தக் கணக்கு என்று எங்களை நாங்களே கேட்டுக்கொள்கிறோம். கோணம், பரப்பளவு, நிறை, சமச்சீர் எல்லாம் அதில் இருந்தது. வினாத்தாளில் கேட்கிற மாதிரி இல்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்.வி.கியூ சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. அவன் கைக்கு வேலை தெரியும், சான்றிதழ்தான் இல்லை. விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு ஆசிரியருக்கு அரை மணித்தியாலம் போதும். நாங்கள் இப்போது அதைச் செய்கிறோம். நீங்களும் செய்யுங்கள்.

இரண்டாவது, தகடு போட்டதும் டிரைவருக்கு ஒரு தைரியம் வரும். அது ஆபத்தான தைரியம். எங்கள் அண்ணனும் முதல் மாதம் கொஞ்சம் வேகமாக இறக்கினார், நாங்கள் சொன்னோம், கேட்டுக்கொண்டார். தகடு கல்லின் அடியைத்தான் வாங்கும். பிரேக் பிடிக்காது, சறுக்குகிற டயரை நிறுத்தாது, பள்ளத்தில் விழுகிற வண்டியைத் தூக்காது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லித்தான் நமக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்தார்கள். கட்டுவது என்பது தகடு மட்டும் இல்லை. டயர், பிரேக், எத்தனை பேரை ஏற்றுகிறோம் என்கிற கணக்கு, எல்லாம் சேர்ந்ததுதான் கட்டுவது. காசு குறைவாக இருந்தால் முதலில் பிரேக்கும் டயரும், பிறகுதான் தகடு. இதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். தகடு போட்டாயிற்று என்று ரோட்டை மறந்துவிடக் கூடாது.

தோட்டத்து ரோடு யாருடையது? இந்தக் கேள்வியை எங்கே கேட்டாலும் அடுத்த மேசையைக் காட்டுவார்கள். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. கம்பெனிக்குக் கொழுந்து லொறி ஓடினால் போதும். ரோடு போடுவது அரசாங்கத்தின் வேலை என்பார்கள். பிரதேச சபையில் கேட்டால், அது தோட்டத்துக் காணி என்பார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் நீண்ட காலம் கையை விரித்தார்கள். தோட்டத்துச் சனம் வாக்குப் போடலாம், அவர்களுடைய ரோட்டுக்குச் சபை காசு செலவழிக்க முடியாது என்ற நிலை. 2018 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்ய வழி பிறந்தது. சட்டம் மாறி இத்தனை வருடம் ஆகிறது. எங்கள் ரோட்டில் அந்தக் கல் அதே இடத்தில்தான் நிற்கிறது. எங்கள் தகட்டில் உள்ள கீறலை வந்து பார்க்கலாம்.

2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் கட்டையில், மேலே இருந்து விழுந்த பாறை வீதியைக் குறுக்கிக்கொண்டு கிடந்த இடத்தில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அது மெயின் ரோடு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் ரோடுகள் எப்படித் துண்டு துண்டாகின என்று நாமே பார்த்தோம். அந்த நாட்களில் கெப், ட்ரெக்டர், பழைய ஜீப் எது இருந்ததோ அதில்தான் சனம் அரிசியும் தண்ணீரும் கொண்டு போனது. அடியில் தகடு இருந்த வாகனம் போய் வந்தது உண்மை. ஆனால் சரிகிற மலைக்கும், உடைந்த மதகுக்கும், அகற்றாத பாறைக்கும் தகடு மருந்து இல்லை. அதைச் செய்ய வேண்டியவர்களின் பெயர்ப் பலகை வேறு கட்டடங்களில் தொங்குகிறது.

நம்ம சனத்திடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு கஷ்டம் வந்தால் நாமே ஏதாவது செய்து சமாளித்துவிடுவோம். நல்ல பழக்கம்தான். ஆனால் சமாளித்த பிறகு அந்தக் கஷ்டம் யாருடைய பொறுப்பு என்பதை மறந்துவிடுகிறோம். பொறுப்பானவர்களும் "அவங்க எப்படியோ போய் வாறாங்கதானே" என்று இருந்துவிடுகிறார்கள். எங்கள் தகடு அப்படி ஒரு சாட்டாகிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் பயம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்.

தோட்டப் பக்கம் பிள்ளைகளை ஏற்றுகிற வாகனச் சொந்தக்காரர்களே, அடியில் தகடு போடுங்கள், ஆனால் தெரிந்தவரைக் கொண்டு போடுங்கள். போல்ட்டில் மாட்டுங்கள், வெல்ட் வேண்டாம். ஓட்டை வையுங்கள். சைலன்சருக்குக் கீழே மூட வேண்டாம். காய்ந்த காலத்தில் புல்லை எடுங்கள். ஏற்கெனவே போட்டவர்கள் இன்றைக்கே குனிந்து ஒரு தடவை பாருங்கள்.

பெற்றோர்களே, வாகனத்தின் மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்க்கிற நேரத்தில் கீழேயும் ஒரு தடவை பாருங்கள்.

பிரதேச சபை உறுப்பினர்களே, நீங்கள் எந்தக் கட்சி என்று நாங்கள் கேட்கவில்லை. 2018 திருத்தத்தை ஒரு தடவை வாசியுங்கள். வாசித்துவிட்டு, ஒரு வாகனத்தில் எங்களோடு மேல் டிவிஷனுக்கு வாருங்கள். முன் சீட் உங்களுக்கு.

எங்கள் சக ஆசிரியர்களே, கணக்கில் தவறிய பிள்ளையின் பெயரை மறந்துவிடாதீர்கள். ஒரு நாள் உங்கள் காலடியில் இருக்கிற தகட்டை அவன்தான் வளைக்கப் போகிறான்.

நாளைக் காலையிலும் அதே ஏற்றம், அதே கல். அடியில் "டங்" என்று ஒரு சத்தம் வரும். முன்னரெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நாங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வோம். இப்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தச் சத்தமே கேட்காத ஒரு ரோட்டில் அவர்களுடைய பிள்ளைகளாவது போகட்டும்.

அல்லாஹ் எல்லாருடைய பயணத்தையும் பாதுகாப்பானதாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.